கோயில் இருக்கும், கும்பிட ஆள் இருக்குமா?

மும்பை தாராவியில் இப்போது கதவுக்குக் கதவு ஓர் எண் எழுதியிருக்கிறது. தாராவியை மாற்றிக் கட்டும் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய சர்வேயில் ஆட்கள் சந்துசந்தாக வந்து, லேசர் கருவியால் அளந்து, எழுதிவிட்டுப் போன எண். ஒரு குடும்பத்துக்கு இங்கேயே வீடா, நகரத்தின் வேறொரு மூலையில் வீடா, அதுவும் வாடகைக்கா என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். குழாயடியிலும் டீக்கடையிலும் முதல் பேச்சே, "உங்க கோலிக்கு (வீட்டுக்கு) நம்பர் போட்டாச்சா?" என்பதுதான். அடுத்த பேச்சு கொஞ்சம் தணிந்த குரலில் வருகிறது. நம்ம கோயில் என்னாகும்? பள்ளிவாசல் என்னாகும்? ஜெப வீட்டை எங்கே கொண்டுபோய் வைப்பாங்க?

வீட்டுக்காவது எழுதிவைத்த விதி இருக்கிறது. அது நியாயமா என்று சண்டை போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். மூன்று தலைமுறையாகக் கூடிவந்த கூடத்தின் விஷயத்தில் பிடித்துக்கொள்ள அந்த அளவு கயிறுகூட இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கூடங்களைப் பற்றியது. அவற்றில் கூடுகிறவர்களைப் பற்றியது என்று சொன்னால் இன்னும் சரி.

தொண்ணூறடி ரோட்டில் இருக்கும் கணேசர் கோயிலிலிருந்து தொடங்கலாம். தாராவியின் மிகப் பழைய இந்துக் கோயில் என்று சொல்லப்படுவது இது. 1913-ல் எழுந்தது. தென்னிந்திய ஆதிதிராவிட மகாஜன சங்கம் இதைப் பராமரித்துவருகிறது. கட்டியவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த ஆண்டை ஒரு கணம் மனதில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழையக்கூடாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது 1908-ல். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப்போனது 1939-ல். இந்த இரண்டுக்கும் நடுவில், சொந்த ஊரில் பெரிய கோயில் வாசலை மிதிக்க முடியாத மனிதர்கள், ஆயிரம் மைலுக்கு அப்பால், சதுப்பு நிலத்தின் ஓரத்தில், தோல் நாற்றத்துக்கு நடுவே, தங்களுக்கென்று ஒரு பிள்ளையாரை வைத்துக்கொண்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அனுமதி கேட்கவேண்டிய ஊரைவிட்டுத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

அந்தக் கோயிலுக்குக் கட்டடக்கலைச் சிறப்பு இல்லை என்று யாராவது சொல்லலாம். இருக்கட்டும். தமிழ்ச் சமூக வரலாற்றில் அதன் இடம் எந்தக் கல்மண்டபத்துக்கும் குறைந்ததல்ல என்பது என் கருத்து. 

அதற்கும் முந்தியது படீ மஸ்ஜித். 1887. தாராவியின் முதல் தோல் பதனிடும் தொழிற்சாலை வந்ததாகச் சொல்லப்படுவதும் அதே ஆண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பாந்த்ராவில் இறைச்சிக்கூடம் இருந்தது. கச்சாத்தோல் கையெட்டும் தூரத்தில் கிடைத்தது. வெள்ளைக்காரன் அந்த நாற்றம் பிடித்த தொழிலை நகரத்துக்கு வெளியே தள்ளினான். அந்த வேலை தெரிந்த தமிழ் முஸ்லிம்கள் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் தொழுவதற்கு ஓர் இடம் வேண்டும், மையித்து விழுந்தால் நாலு பேர் வந்து நிற்க வேண்டும், பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஒரு ஜமாஅத் வேண்டும். பள்ளிவாசல் பிறந்தது இப்படித்தான். பிற்பாடு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜனம் வந்து பெருகியது. ஆனால் தமிழ் முஸ்லிம் இருக்கும் இடத்தில் நோன்புக் கஞ்சி இல்லாமல் ரமலான் ஏது?

கிறிஸ்தவர்களின் கதை வேறு மாதிரி. பெரிய கோயில்களுக்குப் போகிறவர்கள் போக, தாராவியின் தமிழ்ச் சபைகளில் பல மாடி அறைகளில் இயங்குகின்றன. கீழே ஒரு தையல் பட்டறையோ இட்லி மாவு அரைக்கிற கடையோ இருக்கும். சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணி. ஏறினால் பன்னிரண்டுக்குப் பதினெட்டடி அறை, தகரக் கூரை, அதன் கீழே தெர்மாகோல். மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக. ஒரு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு தபேலா, சுவரில் இந்த ஆண்டின் வாக்குத்தத்த வசனம். செருப்புகள் ஏணிப்படியில் தொடங்கிச் சந்துவரை கிடக்கும். ஞாயிறு காலை ஆராதனை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதத்தில் ஒருநாள் முழு இரவு ஜெபம். நெல்லைப் பக்கத்துச் சபையாக இருந்தால் ஆண்டுக்கொருமுறை அசனமும் உண்டு. அன்றைக்குச் சாதி பார்க்காமல், மதமும் பார்க்காமல் சந்து முழுக்கச் சோறு. இந்த அறைக்குப் பட்டா கிடையாது. வாடகைச் சீட்டு இருந்தால் அதுவே பெரிது.

இப்போது திட்டத்துக்கு வருவோம். ஏறத்தாழ 600 ஏக்கர் தாராவி. அதை மாற்றிக் கட்டும் பேச்சு நாற்பது ஆண்டாக நடக்கிறது. 1985-ல் பம்பாய் வந்த ராஜீவ் காந்தி 100 கோடி ரூபாய் அறிவித்தார். 2004-ல் புதிய திட்டம் வந்தது, போனது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு டெண்டரை எடுத்தது. திட்டத்தை நடத்துவது 80 சதவீதம் அந்தக் குழுமமும் 20 சதவீதம் மாநில அரசும் சேர்ந்த கம்பெனி. இப்போதைய பெயர் நவபாரத் மெகா டெவலப்பர்ஸ். 2025 மே மாதம் மாஸ்டர் பிளானுக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது. மொத்தச் செலவு சுமார் 95,790 கோடி.

யாருக்கு எங்கே வீடு என்பதற்கு மூன்று கட்டங்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுரஅடி, இலவசம். அதற்குப் பிறகு 2011-க்குள் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுரஅடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. 2011-க்குப் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், எந்த ஆண்டு வந்திருந்தாலும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு. தவணை கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

தாராவி வீட்டின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு இந்த விதியின் கூர்மை சட்டென்று உறைக்கும். அப்பா கட்டிய கோலி கீழே. தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் மேலே ஒரு மாடி. ஒரே ஏணி, ஒரே மீட்டர், ஒரே குலதெய்வம். இனி அண்ணன் தாராவியில், தம்பி முலுண்டிலோ தேவ்நாரிலோ. ஒரு குடும்பத்துக்கே இந்தக் கதி என்றால், முந்நூறு குடும்பம் தலைக்கட்டு வரி கொடுத்து நடத்துகிற கோயிலின் வரிப் புத்தகத்தை எடுத்துவைத்து, பெயர் பெயராக இந்த மூன்று கட்டங்களில் நிரப்பிப் பாருங்கள். பாதிப் பெயருக்குமேல் வெளியே போகும் என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. பழைய குடிகளின் சங்கமாக இருந்தால் நிலைமை கொஞ்சம் தேவலை. மாடி அறையில் கூடும் சபைகளில் கூடுகிறவர்களும் பெரும்பாலும் மாடிக் குடித்தனக்காரர்கள்தான். அங்கே கூடமும் போகும், கூடுகிறவர்களும் போவார்கள்.

போகிற இடங்கள் எவை? குர்லா மதர் டெய்ரி நிலம், முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க், வடாலாவின் உப்பள நிலங்கள், செம்பூரை அடுத்த தேவ்நார் குப்பைமேட்டில் 124 ஏக்கர். தேவ்நாரில் குவிந்துகிடக்கும் சுமார் 185 லட்சம் டன் பழைய குப்பையை முதலில் அகற்றியாக வேண்டும். தாராவித் தமிழனுக்கு தேவ்நார் புதிய பெயர் இல்லை. பாந்த்ரா இறைச்சிக்கூடத்தை 1971-ல் அங்கேதான் மாற்றினார்கள். கச்சாத்தோல் தூரமானதிலிருந்து தாராவியின் தோல் தொழில் தேயத் தொடங்கியது. அன்று தொழிலைத் தேவ்நாருக்கு அனுப்பினார்கள். இன்று ஆட்களை அனுப்பப் பார்க்கிறார்கள்.

கூடங்களைப் பற்றி அரசு ஒன்றுமே யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2025-ல் மாநில அரசு ஒரு குழுவை நியமித்திருக்கிறது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி திலீப் போசலே அதன் தலைவர். தாராவியில் அனுமதியின்றி எழுந்த வழிபாட்டு இடங்களில் எதை முறைப்படுத்துவது, எதை இடம் மாற்றுவது, எதை அகற்றுவது என்று அது பரிந்துரைக்கும். இதற்கு அடிப்படை உச்ச நீதிமன்றத்தின் 2009 செப்டம்பர் 29 உத்தரவு. பொது இடங்களில் புதிதாக எந்த வழிபாட்டு இடமும் அனுமதியின்றி எழக்கூடாது. ஏற்கெனவே இருப்பவற்றை மாநில அரசுகள் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தாராவியில் பெரும்பாலான நிலம் மாநகராட்சிக்கும் அரசுக்கும் ரயில்வேக்கும் சேர்ந்தது. அப்படிப் பார்த்தால் அங்கே இருக்கும் பெரும்பாலானவை அனுமதியின்றி எழுந்தவைதான், வீடுகள் உட்பட. வீடுகளுக்கு ஒரு தேதியைச் சொல்லி உரிமை கொடுத்த அரசு, நூறு ஆண்டைத் தாண்டிய கோயிலையும் பள்ளிவாசலையும் நேற்று நடைபாதையில் முளைத்த உண்டியலையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது.

இன்னொரு விதியும் இருக்கிறது. மும்பையின் குடிசை மறுவாழ்வு விதிகளின்படி, அனுமதிக்கப்பட்ட வழிபாட்டு இடத்தைப் புதுக் கட்டடத்தில் மறுபடி அமைக்கலாம், ஆனால் பழைய பரப்புக்கு மேல் போகக்கூடாது. கேட்க நியாயமாகத்தான் படும். தாராவியில் ஒரு பொங்கலைப் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள ஓட்டை தெரியும். கோயிலுக்குள் இடம் எங்கே இருக்கிறது? பெண்கள் வரிசையாகத் தெருவில்தான் அடுப்பு வைக்கிறார்கள். செங்கல் மூன்று, பானை ஒன்று, சுற்றிலும் மஞ்சள் கொத்தும் கரும்பும். ஒரு பக்கம் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும், மறுபக்கம் பால் பொங்கும், குலவைச் சத்தம் கேட்கும். கோயிலின் பரப்பு முந்நூறு சதுரஅடி என்று அளந்துகொண்டு போன லேசர் கருவி அந்தத் தெருவை அளக்கவில்லை. கொடை நாளில் வில்லுப்பாட்டுக்காரர் உட்காருவதும், ஈத் தொழுகை வரிசை நீள்வதும், அசனச் சோறு பரிமாறுவதும் அளவில் வராத அந்த இடத்தில்தான். இருபது மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் அதே முந்நூறு சதுரஅடியைக் கொடுத்துவிட்டு, வாசலில் பார்க்கிங் கோடு போட்டால், கோயிலில் பாதிதான் திரும்பக் கிடைத்தது என்று அர்த்தம்.

இதையெல்லாம் முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையே சாட்சி. 2024 செப்டம்பர் 21 காலையில் தாராவி மெஹபூப்-எ-சுபானி மசூதியின் ஒரு பகுதி விதிமீறல் என்று இடிக்க மாநகராட்சி வண்டி வந்தது. தொண்ணூறடி ரோட்டில் ஜனம் திரண்டு உட்கார்ந்தது, வண்டிக் கண்ணாடி உடைந்தது. கடைசியில் மசூதி நிர்வாகம், நாங்களே அகற்றிக்கொள்கிறோம் என்று அவகாசம் வாங்கியது. 2025 ஏப்ரல் 16-ல் விலே பார்லேயில் ஒரு சமணக் கோயிலை மாநகராட்சி இடித்தது. ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள்; வார்டு அதிகாரி மாற்றப்பட்டார். 1992-93 கலவரத்தில் எரிந்த ஊர் தாராவி. அந்தக் காயத்தை ஆற்ற, மொஹல்லா கமிட்டிகள் அமைத்துத் தெருத்தெருவாகப் பாடுபட்டவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். அங்கே புல்டோசர் முதலில் வந்து பேச்சு பிறகு வருவது எவ்வளவு ஆபத்து என்பதை யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சரி, நிலம் கையில் இருந்தால் மட்டும் போதுமா? ரயில் பாதைக்குக் கிழக்கே மாட்டுங்கா. 1896 பிளேக்குக்குப் பிறகு, 1898-ல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் திட்டம்போட்டு மனை பிரித்த பகுதி. குமாஸ்தா வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் அங்கே குடியேறி, 1923-ல் ஆஸ்திக சமாஜம், 1927-ல் சவுத் இண்டியன் பஜன சமாஜம் என்று நிறுவினார்கள். தாராவித் தமிழன் சதுப்பை மேடாக்கி உட்கார்ந்த அதே காலத்தில், மாட்டுங்காத் தமிழனுக்கு மனையும் சாலையும் கழிவுநீர்க் குழாயும் கிடைத்தன. இந்த வேறுபாட்டில் சாதிக்குப் பங்கு உண்டு. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. 1963-ல் திறந்த சண்முகானந்தா அரங்கம் 1990-ல் தீப்பிடித்து எரிந்தபோது, ரசிகர்கள் எட்டு ஆண்டு பொறுத்திருந்து 1998-ல் மறுபடி திறந்தார்கள். நிலம் இருந்தது, நன்கொடை கொடுக்க ஆள் இருந்தது.

ஆனால் மாட்டுங்காவிலும் ஜனம் கரைந்திருக்கிறது. பழைய மூன்று மாடி வீடுகளை இடித்துக் கோபுரங்கள் எழ எழ, பிள்ளைகள் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் வாஷிக்கும் போய்விட்டார்கள். செம்பூர் சேடா நகரில் படியேறிக் கும்பிடும் முருகன் கோயிலும், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும் தழைத்ததற்கு இந்தக் குடிபெயர்வும் ஒரு காரணம். அவர்கள் தாங்களாக விரும்பிப் போனவர்கள். சனிக்கிழமை காரெடுத்து வந்து பழைய கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, ஹோட்டலில் காபி குடித்துவிட்டுப் போக வசதி உள்ளவர்கள். தினக்கூலிக்குப் போகிற தாராவிப் பெண் முலுண்டிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் விளக்குப் போட வர முடியுமா? வந்துபோக அரைநாள், போக்குவரத்துக் காசு வேறு. சிறிது காலம் வருவாள். அப்புறம் அங்கேயே ஒரு மரத்தடியில் சின்னதாக ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசுவாள். அதுவும் அனுமதியின்றி எழுந்தது என்று நாளைக்கு இன்னொரு குழு வரும்.

கடல் தாண்டிய தமிழர்கள் இதை எப்படிக் கடந்தார்கள் என்று பார்ப்பது நல்லது. சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த சிவன் கோயில், 1983-ல் எம்ஆர்டி ரயிலுக்காக இடம் விட்டது. மூர்த்திகள் சிராங்கூன் ரோட்டில் ஒரு தற்காலிகக் கோயிலுக்குப் போயின. 1993-ல் கேலாங்கில் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. பத்தாண்டு நடுவில் பூஜை நிற்கவில்லை, கூட்டம் கலையவில்லை. நம் ஊரில் திருப்பணிக்குப் பாலாலயம் செய்வார்களே, அந்த மரபை ஒரு நகர நிர்வாகமும் புரிந்துகொண்டு ஒத்துழைத்த கதை அது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா சாலைப் பக்கம் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் நிற்கும் நிலத்தை 2014-ல் மாநகராட்சி ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு விற்றது. 2025 மார்ச்சில் விவகாரம் வெடித்து, சில நாள் நாடே பதற்றத்தில் இருந்தது. கடைசியில் சுமார் 50 மீட்டர் தள்ளி மாற்றிடம் என்று உடன்பாடு வந்தது. கும்பிடுகிறவர்கள் அதே வீதியில் இருக்கும்போது 50 மீட்டர் ஒரு தூரமே இல்லை. தாராவியில் அச்சப்படுவது கோயில் 50 மீட்டர் நகர்வதைப் பற்றி அல்ல. கோயில் அங்கேயே நிற்க, ஜனம் இருபது கிலோமீட்டர் நகர்வதைப் பற்றி.

ஆகவே போசலே குழுவின் முன் போகிறவர்கள், கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக்கூடாது என்று நினைக்கிறேன். ஒரு சபையின், ஒரு ஜமாஅத்தின், ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு, அந்தக் குடும்பங்களை முடிந்தவரை ஒரே இடத்தில் குடியமர்த்துங்கள் என்று கேட்க வேண்டும். முலுண்டுக்கும் தேவ்நாருக்கும் போயே தீரவேண்டியவர்களுக்கு, அங்கே வரைபடத்திலேயே எல்லா மதத்தாரும் முறைவைத்துப் பயன்படுத்தும் பொதுக் கூடம் வேண்டும். ஞாயிறு காலை ஆராதனைக்கு, வெள்ளி மதியம் தொழுகைக்கு, செவ்வாய் மாலை விளக்குப் பூஜைக்கு. பழைய கூடம் இடிபடும் நாளுக்கு முன்பே தற்காலிக இடம் எது, திரும்ப வரும் இடம் எது என்பது எழுத்தில் கைக்கு வர வேண்டும். இதில் எதற்கும் தனிச் சட்டம் தேவையில்லை. 95,790 கோடித் திட்டத்தில் இதற்கு ஆகும் செலவு கணக்கிலேயே வராது.

சங்கத்துச் செயலாளர்களும் போதகர்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. காகிதம் சேர்ப்பது. சங்கப் பதிவுச் சான்றிதழ், 1950-ம் ஆண்டு பொது அறக்கட்டளைச் சட்டப்படி பதிவு செய்திருந்தால் அந்த எண், வக்பு பதிவு, பழைய மின் கட்டண ரசீது, மாநகராட்சி வரிச் சீட்டு எல்லாம். சான்றிதழ் தொலைந்திருந்தால் வர்லியில் சாரிட்டி கமிஷனர் ஆபீசில் நகல் கேட்கலாம். இவை இல்லாத சின்னச் சபைகளுக்கும் வழி அடைந்துவிடவில்லை. ஞானஸ்நானப் பதிவேடு, நிக்காஹ் தஃப்தர், கொடை நோட்டீஸ், குடமுழுக்குப் பத்திரிகை, தலைக்கட்டு வரி எழுதிய நோட்டு என்று கூட்டம் அங்கே கூடியதைத் தேதியோடு சொல்லும் எதுவும் சான்றுதான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தாராவியில் நடந்த கல்யாணத்தின் அழைப்பிதழ், மணி ஆர்டர் ரசீது, கோயில் வாசலில் எடுத்த குடும்பப் படம் ஏதாவது இருந்தால், பின்புறம் ஆண்டை எழுதி ஒரு நகலை மும்பைக்கு அனுப்புங்கள். குழு அறிக்கை எழுதுவதற்கு முன்னால் அது போய்ச் சேர வேண்டும்.